தண்ணீர் வராது என்றொரு நோட்டீஸ்

டீச்சரின் கைப்பையைத் தூக்கிப் பார்த்தவர்கள் உள்ளே செங்கல் வைத்திருக்கிறாளா என்றுதான் கேட்பார்கள். இருப்பதெல்லாம் காகிதம். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வரும் துண்டுத்தாள், பேருந்து நேர அட்டவணை, சலவைத்தூள் பாக்கெட்டின் பின்பக்கம், மின்சார அலுவலகத்தின் அறிவிப்பு, யாரோ வாங்கிப் பிரித்த மின்விசிறியின் கையேடு. எல்லாம் ஆங்கிலம். சாலையில் பேசிக்கொண்டே நடப்பவள் சட்டென்று குனிந்து ஒரு தாளை எடுத்து, மண்ணைத் தட்டி, பையில் போட்டுக்கொள்வாள். வீட்டுக்காரர் கூட வந்தால் நாலடி தள்ளித்தான் நடப்பார்.

"தெரிஞ்சவங்க யாராவது பாத்தா, உங்க வீட்டுல எப்போலேர்ந்து குப்பை பொறுக்குறாங்கன்னு கேக்கப் போறாங்க," என்பார்.

"கேட்டா பதினோரு வருஷம் கழிச்சுத்தான் புத்தி வந்துச்சுன்னு சொல்லுங்க," என்பாள் அவள்.

பதினோரு வருஷக் கணக்கு சும்மா சொல்வதில்லை. சமூக நிலையத்தின் மாடியறையில், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை. முதல் பதினோரு வருஷம் புத்தகத்தை வைத்துத்தான் நடத்தினாள். தேனீக்களைப் பற்றி ஒரு பத்தி, கீழே ஐந்து கேள்விகள். தேனீ எங்கே வசிக்கிறது? தேனீ தேன்கூட்டில் வசிக்கிறது. கேள்வியிலிருக்கும் வார்த்தையைப் பத்தியில் கண்டுபிடித்து, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதினால் மதிப்பெண். எதுவும் புரியவேண்டிய அவசியமே இல்லை. அப்படி எழுதி இருபதுக்குப் பத்தொன்பது வாங்கிய ஒரு வாட்ச்மேன், நல்ல சம்பளத்துக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனார். சாத்தியிருந்த கதவின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். கதவில் ஒட்டியிருந்த தாளில் 'நேர்முகம் இரண்டாவது மாடிக்கு மாற்றப்பட்டுள்ளது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கீழே ஐந்து கேள்வி இல்லாததால் அது தனக்கான தாள் என்றே அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்து அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். டீச்சருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரமே தேனீயை மூடிவிட்டாள். 'இனிமேல் இந்த வகுப்புக்குள் வருவதெல்லாம் நிஜப் பேப்பர்' என்று சட்டம் போட்டாள். ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தன்னை முழிக்க வைத்த ஒரு காகிதத்தைக் கொண்டு வரவேண்டும். ஐந்து கேள்வி போய் மூன்று கேள்வி வந்தது. இது யாருக்கு வந்தது? என்ன செய்யச் சொல்கிறது? எப்போதைக்குள்? பதில் எழுதவேண்டாம், காகிதம் சொல்வதைச் செய்தால் போதும். படிவம் என்றால் நிரப்பு. கையேடு என்றால் மின்விசிறியை மாட்டு. சந்தேகம் என்றால் அதிலிருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேள். கூடவே ஒரு எச்சரிக்கையை வாரம் தவறாமல் சொல்வாள்: "பயமுறுத்துற வரி வந்ததும் நிறுத்திடாதீங்க. கடைசி வரைக்கும் படிங்க. வழி எப்பவும் அடியிலதான் இருக்கும், அதுவும் பொடி எழுத்துல."

நிலையத்தின் மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. புத்தகம் முப்பது பிரதி வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்தார். "குப்பையைக் கொண்டு வந்து பாடம் நடத்துறீங்க. ஒரு புகார், ஒரே ஒரு புகார் வரட்டும், அன்னைக்கே புத்தகத்துக்குத் திரும்பிடணும்," என்று சொல்லி வைத்திருந்தார். நாலு வருஷமாகப் புகார் வரவில்லை. பேப்பர் டீச்சர் என்ற பெயர்தான் வந்தது.

வகுப்பில் ஒன்பது பேர். திங்கள், வியாழன், காலை பத்து மணிக்கு. அதில் மூன்று பேரைச் சொன்னால் போதும். வாய் ஓயாத டாக்ஸி அண்ணன். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் லிஃப்ட் மெக்கானிக். ஜன்னலோர நாற்காலியில் சலவை அக்கா. அக்காவுக்கு ஐம்பது வயது, டீச்சரைவிட ஆறு வயது மூத்தவள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மதிய ஷிஃப்ட். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, ரத்தக் கறை தனி, மருந்துக் கறை தனி என்று மெஷினில் போடும் வேலை. கறையைப் பார்த்தே எந்த வார்டு என்று சொல்லிவிடுவாள். ஆனால் சுவரில் ஷிஃப்ட் மாறியிருப்பதாக ஒட்டிய தாளைப் படிக்கத் தெரியாமல், ஒரே வருஷத்தில் இரண்டு முறை வேலைக்கு வராதவள் என்று பெயரெடுத்துவிட்டாள். வகுப்பில் சேர்ந்ததே அதனால்தான்.

அவளிடம் ஒரு பழக்கம். ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் உறையைப் பிரிக்க மாட்டாள். பையிலேயே வைத்திருந்து, வகுப்பு நாளன்று டீச்சரின் மேஜையில் ஒட்டியபடியே வைப்பாள்.

"நீங்களே பிரிச்சுப் பாத்தா என்னக்கா?" என்று டீச்சர் கேட்பாள்.

"பிரிச்சா உள்ள இருக்கறது வெளிய வந்துடும் டீச்சர். உங்க முன்னாடி வரட்டும்," என்பாள்.

இத்தனைக்கும் அவளுக்கு இப்போது முக்கால்வாசி படிக்கத் தெரியும். தெரிவது வேறு, துணிவது வேறு. ஒன்றரை வருஷமாகியும் அந்த உறையை அவள் கையால் பிரிக்க வைக்க டீச்சரால் முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை யாரிடமும் உருப்படியான காகிதம் சிக்கவில்லை. திங்கட்கிழமையே எல்லோரும் கையை விரித்திருந்ததால் டீச்சருக்கு இது முன்கூட்டியே தெரியும், புதன்கிழமையே பையைக் கொட்டித் தேடிப் பார்த்தாள், எல்லாம் நடத்தி முடித்தவை. அப்போதுதான் அவள் புத்தி அப்படிப் போயிற்று. கணினியில் உட்கார்ந்து தானே ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் அடித்தாள். 'இப்பகுதியில் குடியிருப்போர் கவனத்துக்கு. திங்கட்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை தண்ணீர் வராது. குழாய்களைப் பரிசோதிக்க ஆள் வருவார். வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும். சந்தேகங்களுக்கு இந்த எண்.' தலைப்பில் ஒரு முத்திரை வேறு வரைந்து வைத்தாள். அச்சு அசல் என்று தனக்குத் தானே மெச்சிக்கொண்டாள். எண் என்ற இடத்தில் எதைப் போடுவது என்று யோசித்து, வகுப்பில் யாருக்கும் கொடுத்திராத தன் போன் நம்பரையே போட்டாள்.

வகுப்பில் அது தான் எழுதியது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் விளையாட்டாகப் படிப்பார்கள், நம்பினால்தான் ஊன்றிப் படிப்பார்கள் என்று நினைத்தாள். முடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். முடிக்கும்போது டாக்ஸி அண்ணன் ஏதோ கதையை எடுத்துவிட, மணி பன்னிரண்டாகிவிட்டது. மூன்று கேள்விக்கும் ஒன்பது பேரும் சரியாகப் பதில் சொல்லியிருந்தார்கள். டீச்சர் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து மூன்று தடவை போன் அடித்தது. எதையாவது விற்பவர்களாக இருக்கும் என்று எடுக்கவில்லை.

திங்கட்கிழமை சலவை அக்கா வகுப்புக்கு வரவில்லை. வியாழக்கிழமை வந்தாள். மேஜைமேல் ஒட்டிய உறை ஒன்றை வைத்துவிட்டு நின்றாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து டீச்சர். நேத்து கையில குடுத்தாங்க. திங்கக்கிழமை போகலைல, அதுக்குன்னு நினைக்கறேன்."

"ஏன்க்கா போகல?"

"அந்தத் தண்ணி நோட்டீஸ்தான். ஆள் வருவாங்க, வீட்டுல ஒருத்தர் கட்டாயம் இருக்கணும்னு போட்டிருந்ததே. சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போலாமான்னு கேக்க, அந்த நம்பருக்கு ஞாயித்துக்கிழமை மூணு தடவை அடிச்சேன். இங்கிலீஷ்ல என்ன பேசணும்னு எழுதிக்கூட வச்சிருந்தேன். யாரும் எடுக்கல. சரின்னு வேலைக்குப் போகாம உக்காந்திருந்தேன். தண்ணியும் நிக்கல, ஆளும் வரல."

"எங்க வீட்டுலயும் குளிக்கற தொட்டியிலேர்ந்து டம்ளர் வரைக்கும் ரொப்பி வச்சோம்," என்றார் டாக்ஸி அண்ணன். "என் சம்சாரம் இன்னும் என்னைத் திட்டிக்கிட்டிருக்கா."

லிஃப்ட் மெக்கானிக் தானும் இரண்டு பக்கெட் பிடித்து வைத்ததை ஒப்புக்கொண்டார்.

டீச்சருக்கு அந்த மூன்று தெரியாத அழைப்புகள் நினைவுக்கு வந்தன. சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அந்த நோட்டீஸ் நான் எழுதினது. அந்த நம்பர் என்னோடது. போன் அடிச்சதைப் பாத்தேன், எடுக்கல."

டாக்ஸி அண்ணன் சலவை அக்காவைத் திரும்பிப் பார்த்தார். சலவை அக்கா கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் மெதுவாக, "இங்க வர்றதெல்லாம் நிஜம்னு சொன்னீங்களே டீச்சர்," என்றாள். அவ்வளவுதான். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு உறையைப் பிரித்தாள்.

கடிதம் ஒரு பக்கம். மூன்றாவது முறையாக அறிவிக்காமல் வேலைக்கு வரவில்லை. ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் வேலையிலிருந்து நீக்கப்படுவார். முதல் இரண்டு முறை அவளுக்குப் படிக்கத் தெரியாததால் வந்தது. மூன்றாவது, படித்ததால் வந்தது. அக்காவின் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான், கல்லூரியில் படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

டீச்சர் தாளை மேஜையில் விரித்து வைத்தாள். ஒன்பது தலையும் அதன்மேல் கவிந்தன. யாருக்கு வந்தது, என்ன செய்யச் சொல்கிறது, எப்போதைக்குள். இந்த முறை யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. டீச்சர் விளக்கிக்கொண்டே வந்து, 'நீக்கப்படுவார்' என்ற வரியோடு நிறுத்தினாள். அதற்குக் கீழே இரண்டு வரி இருந்தது. பொடி எழுத்து. பிரித்தவுடனே அது அவள் கண்ணில் பட்டுவிட்டது. பட்டும் வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷம் நாய் மாதிரி உழைத்துக் கட்டிய வகுப்பு அந்த இரண்டு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது வழி இருக்கும், உடம்பு சரியில்லை என்று ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இதை அவளே பின்னால் வீட்டுக்காரரிடம் சொன்னாள், சொல்லும்போதும் வெட்கப்பட்டாள்.

சலவை அக்காவின் விரல் மட்டும் நிற்கவில்லை. வார்த்தை வார்த்தையாகக் கீழே இறங்கியது. விரிப்பு விரிப்பாகத் தொட்டுத் தொட்டு நுனி மழுங்கிய விரல்.

"டீச்சர், இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"ம்."

"வராததுக்கு வேறொருத்தர்... காரணம்னா... அவங்க கையெழுத்துப் போட்டு எழுதினதைக் கூட வைக்கணும்." நிமிர்ந்து பார்த்தாள். "வேறொருத்தர்னா நீங்கதானே டீச்சர்?"

சரியாகத்தான் படித்திருந்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை.

"நான்தான்," என்றாள் டீச்சர்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். இன்ன தேதியில் வகுப்புக்காக ஒரு நோட்டீஸைத் தானே தயாரித்ததாகவும், அது பயிற்சிக்கானது என்று சொல்லத் தவறியதாகவும், மாணவி அதை உண்மை என்று நம்பி, தான் கற்றுக்கொடுத்தபடியே நடந்துகொண்டதாகவும், சரிபார்க்க மூன்று முறை போன் செய்தும் தான் எடுக்கவில்லை என்றும் எழுதினாள். எழுதியதை வகுப்பு வாங்கிப் படித்தது. லிஃப்ட் மெக்கானிக் இரண்டாவது தடவை படிக்கும்போது, "தேதி போடல டீச்சர்," என்றார். போட்டாள். அக்கா தன் விளக்கத்தைத் தானே எழுதினாள். ஆறு வரி, நாலு பிழை. டீச்சர் திருத்தப் போனபோது, "அப்படியே இருக்கட்டும், நான் எழுதினதுன்னு தெரியட்டும்," என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இப்படி ஒரு டீச்சர் உண்மையிலேயே இருக்கிறாளா என்று நிலையத்துக்கே போன் போட்டுக் கேட்டார்கள். மறுநாள் மேலாளர் அழைத்தார். மேஜையில் அவள் வரைந்த முத்திரையோடு அந்த நோட்டீஸ் கிடந்தது.

"புத்தகத்துல இருக்கற தேனீயை நம்பி யாராவது லீவு போட்டாங்களா, சொல்லுங்க?" என்றார்.

"இல்ல சார்."

"போடவும் மாட்டாங்க."

"அதான் சார் அந்தப் புத்தகத்தோட குறை," என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். இப்போது அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது.

அடுத்த வகுப்பிலிருந்து புத்தகம் மட்டும். ஆறு மாதம் கழித்து அவள் வேலையைப் பற்றி மறுபடி முடிவு செய்வார்கள். மேலாளர் நீட்டிய தாளை டீச்சர் அடிவரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். தான் செய்தது தப்பு, அதற்கு இது அதிகமில்லை என்றே நினைத்தாள். அவளை அரித்தது வேறு. அக்காவின் வேலை நிலைத்ததா இல்லையா?

அடுத்த வாரம் திங்களும் வியாழனும் அக்கா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வரவில்லை, வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, "வந்ததும் கொண்டு வரேன் டீச்சர்," என்றாள். அந்த ஒட்டிய உறையையும் தான்தான் பிரிக்கவேண்டியிருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. பத்து மணி, பத்தேகால். டீச்சர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வந்திருக்கும், வேலை போயிருக்கும், இனி எந்த முகத்தோடு இங்கே வருவாள், ஏன் வரவேண்டும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டாள்.

"பக்கம் பன்னிரண்டு," என்றாள். "தேனீக்கள்."

டாக்ஸி அண்ணன் படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது யாருக்கு வந்தது டீச்சர்?"

"யாருக்கும் வரல அண்ணே."

"என்ன செய்யச் சொல்லுது?"

"ஒண்ணும் செய்யச் சொல்லல."

"அப்ப நல்லதாப் போச்சு. என் சம்சாரம் திட்ட மாட்டா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரால் சிரிக்க முடியவில்லை.

பத்தே முக்காலுக்கு மேஜைமேல் போன் அதிர்ந்தது. வகுப்பு நேரத்தில் அவள் போனைத் தொட்டதே கிடையாது. பாய்ந்து எடுத்தாள். மறுமுனையில் மெஷின்கள் ஓடும் சத்தம் காதை அடைத்தது.

"டீச்சர், டீ நேரம், பத்து நிமிஷந்தான் இருக்கு. நான் வேலையில இருக்கேன்."

"வேலையிலயா? பதில் வந்துச்சா? எப்பக்கா?"

"வெள்ளிக்கிழமை காலைல தபால்ல வந்துச்சு."

"எங்கிட்டக் கொண்டு வரலையே!"

"எப்படிக் கொண்டு வர்றது? கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் நானே பிரிச்சுட்டேன். விளக்கத்தை ஏத்துக்கிட்டோம், திங்கக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்கு வரணும்னு இருந்தது. கீழ பொடி எழுத்துல, ஏழு மணிக்கு வரலைன்னா வேலை வேண்டாம்னு எடுத்துக்குவோம்னும் இருந்தது. வகுப்புக்குக் கொண்டு வந்திருந்தா மணி பத்தாயிருக்குமே டீச்சர்."

டீச்சர் வகுப்புக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"இந்த மாசம் முழுக்கக் காலை ஷிஃப்டாம். வகுப்புக்கு வர முடியாது," என்றாள் அக்கா.

"பரவாயில்லக்கா. நல்லாப் படிச்சிருக்கீங்க."

"படிச்சுட்டேன். ஆனா நிஜ லெட்டர்தானான்னு ஒரு சந்தேகம்." மெஷின் சத்தத்துக்கு மேலே அக்கா குரலை உயர்த்தினாள். "அதுல இருந்த நம்பருக்கு அடிச்சு, இங்கிலீஷ்லயே கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"முதல் தடவையே எடுத்துட்டாங்க, டீச்சர்."